சூட்டுல நின்னா எலக்ட்ரானிக் இக்னிஷன் விட்டுவிட்டு போகுது, சின்ன விமான எஞ்சின்ல இத நம்பி பறக்குற மாதிரி ஆக்குறது எப்படி?

செந்தூல்_வானம் (கோலாலம்பூர்)

வணக்கம் எல்லாருக்கும். நாங்க மூணு பேர் சேர்ந்து வெச்சிருக்கிற ரெண்டு சீட்டு ஹோம்பில்ட் விமானம் ஒன்னு இருக்கு, எஞ்சின் லைகோமிங் ஓ-320, 160 குதிரை சக்தி. இடது பக்கம் பழைய மேக்னெட்டோ (பேட்டரி இல்லாம, சுத்துற காந்தத்துல இருந்தே பிளக்குக்கு தீப்பொறி கொடுக்குற கருவி) அப்படியே இருக்கு, வலது மேக்னெட்டோவ கழட்டிட்டு அந்த ஓட்டையில சென்சார் யூனிட் போட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுனோம், ரெண்டு வருசம் ஆச்சு. இது பேட்டரி கரண்ட்ல ஓடுற வகை, தானா கரண்ட் தயாரிக்காது. மாட்டுனதுல இருந்து ஸ்டார்ட்டிங் அவ்வளவு லேசு, ஐடில் சுத்தமா நிக்குது, பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம், அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

பிரச்சனை என்னன்னா காலையில பறந்துட்டு எங்கயாவது இறங்கி சாப்பிட்டுட்டு முப்பது நாப்பது நிமிஷம் கழிச்சு திரும்ப ஸ்டார்ட் பண்ணுனா, ரன்-அப்ல (பறக்குறதுக்கு முன்னாடி தரையில எஞ்சின ஓட்டிப் பார்க்குற சோதனை) 1800 ஆர்பிஎம் வெச்சு எலக்ட்ரானிக்க மட்டும் தனியா விட்டா எஞ்சின் உதறுது, போன மாசம் ஒரு தடவ ஒரு செகண்டு சுத்தமா செத்துட்டு திரும்ப வந்துச்சு. மேக்னெட்டோ மட்டும் விட்டா எப்பவும் போல 100 ஆர்பிஎம் இறங்குது அவ்வளவுதான், வேற சத்தம் இல்ல. அன்னிக்கி பறக்காம காடியில வீட்டுக்கு வந்துட்டோம். மறுநாள் காலையில போயி பார்த்தா ஒன்னுமே நடக்காத மாதிரி ஓடுது லா, எத்தன தடவ சுவிட்ச் மாத்துனாலும் ஒரு உதறல் கூட இல்ல.

கூட்டாளி ஒருத்தர் இத கழட்டி வீசிட்டு மேக்னெட்டோவே திரும்ப போடலாம்ங்கிறார், இன்னொருத்தர் ரெண்டு பக்கமும் எலக்ட்ரானிக் போட்டுடலாம், அரைகொறையா இருக்கிறதாலதான் தொல்லைங்கிறார். எனக்கு ரெண்டும் சரியா படல. எங்க வீட்டு பிள்ளைங்க ஏறுற விமானம், அதனாலதான் கேக்குறேன். வயரிங் எப்படின்னா மெயின் பஸ்ல (விமானத்தோட பொது மின் இணைப்பு) இருந்து 5 ஆம்ப் பிரேக்கர், அங்கேர்ந்து பழைய மேக்னெட்டோ சாவி சுவிட்ச், அங்கேர்ந்து எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி. பெட்டி ஃபயர்வாலோட (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) எஞ்சின் பக்கம் இருக்கு. எர்த் ஃபயர்வால் போல்ட்டுல, அதே போல்ட்டுல இன்னும் நாலு வயர் இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க.

சுபாங்_காற்று (சுபாங்)

தம்பி, மொதல்ல அந்த விமானத்த பறக்க விடாதீங்க. லாக்புக்ல குறைய எழுதி வைங்க, எழுதாம விட்டா மூணு பேர்ல ஒருத்தர் நல்ல காலையில போயி ரன்-அப் சரியா இருக்குன்னு கெளம்பிடுவார். நான் இந்த சின்ன விமானங்கள்ல லைசென்ஸ் போமென்னா (மெக்கானிக்கா) இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல இருக்கேன், சூட்டுல மட்டும் வர்ற குறை தானா சரியாகி நான் பார்த்ததே இல்ல, கூடிக்கிட்டேதான் போகும்.

இப்ப நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். மேக்னெட்டோவ பத்தி எல்லாரும் பழசு பழசுன்னு சொல்றாங்க, உண்மைதான், பாஷ் கம்பெனி 1902ல கொண்டு வந்த ஹை வோல்டேஜ் மேக்னெட்டோவோட அதே தத்துவம்தான் இன்னிக்கும். பாயிண்ட் தேயும், கண்டென்சர் போகும், 500 மணி நேரத்துக்கு ஒரு தடவ பிரிச்சு பார்க்கணும். ஆனா அதுல ஒரு பெரிய குணம் இருக்கு. மேக்னெட்டோவ நிறுத்துறதுக்கு அதோட பி-லீட் வயர எர்த் பண்ணணும். அந்த வயர் அறுந்துச்சுன்னா என்ன ஆகும்? நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும். தரையில அது ஆபத்து, புரொப்பெல்லர் பக்கம் கை வெக்கிறவனுக்கு ஆபத்து, ஆனா வானத்துல எஞ்சின் ஓடும். உங்க எலக்ட்ரானிக் பெட்டி அப்படியே தலைகீழ். வயர் அறுந்தா, பிரேக்கர் விழுந்தா, எர்த் லூசானா, பேட்டரி செத்தா, எல்லாத்துக்கும் ஒரே பதில், நின்னு போகும். அதனால பெட்டி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் அதுக்கு போற வயர் மேக்னெட்டோ காலத்து வயரிங் மாதிரி இருந்தா பிரயோஜனம் இல்ல. நீங்க வாங்குனது ஒரு பெட்டின்னு நெனக்காதீங்க, பேட்டரியில இருந்து பிளக் வரைக்கும் மொத்தமும் இக்னிஷன்தான்.

சாவி சுவிட்ச் வழியா கரண்ட் போகுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் என் கண்ணுல மொதல்ல பட்டுச்சு. அந்த சுவிட்ச் பி-லீட எர்த் பண்றதுக்காக செஞ்சது, பெட்டி இழுக்கிற கரண்ட்ட வருசக்கணக்கா தாங்கிக்கிட்டு நிக்கிறதுக்கு இல்ல. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டர்ல பேட்டரி பிளஸ்ஸுக்கும் பெட்டி பிளஸ்ஸுக்கும் நடுவுல எத்தன வோல்ட் காட்டுதுன்னு பாருங்க, அப்புறம் அதே மாதிரி மைனஸ்ல. உள்ள உக்காந்துக்கிட்டு பார்க்குற மாதிரி நீளமான வயர் இழுத்துக்குங்க, எஞ்சின் ஓடும்போது யாரும் முன்னாடி போகாதீங்க. ரெண்டு பக்கமும் 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா எங்கயோ ஒரு இணைப்பு சூட தின்னுக்கிட்டு இருக்கு.

ரெண்டு பக்கமும் எலக்ட்ரானிக் போடுறத பத்தி. அமெரிக்க எஃப்ஏஏ விதி 33.37ல சிலிண்டருக்கு ரெண்டு பிளக், ரெண்டு தனித்தனி சர்க்யூட், தனித்தனி மின்சார மூலம் இருக்கணும், இல்லாட்டி வானத்துல அதே அளவு நம்பகம் இருக்கிற ஒரு அமைப்பு இருக்கணும்னு எழுதியிருக்கு. உங்க ஹோம்பில்ட்டுக்கு அந்த விதி நேரா பொருந்தாது, ஆனா அத எழுதுனவங்க அனுபவப்பட்டு எழுதியிருக்காங்க. ஒரே பேட்டரி, ஒரே எர்த் போல்ட்டுல ரெண்டு பெட்டிய தொங்க விட்டா பேருக்குத்தான் ரெண்டு, கணக்குல ஒன்னு. என்ன மாத்துனாலும் சிஏஏஎம் (மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதிக்குள்ள இருக்கா, லாக்புக்ல ஏறுதான்னு பார்த்துக்குங்க.

பாயான்_லெப்பாஸ்_டெக் (பினாங்கு)

சுபாங் அண்ணே சொன்னதுக்கு மேல நான் எலக்ட்ரானிக்ஸ் பக்கத்துல இருந்து சொல்றேன், நான் விமானம் ஓட்டுறவன் இல்ல, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரியில ரிலையபிலிட்டி லேப்ல பத்தொன்பது வருசம், போர்டுங்கள ஓவன்ல வேக வெச்சு குளுருல ஒறைய வெச்சு ஆட்டி ஆட்டி எப்ப சாகுதுன்னு பார்க்குறதுதான் வேலை.

உங்க குறையில முக்கியமான துப்பு "முப்பது நாப்பது நிமிஷம் கழிச்சு". பறக்கும்போது கவுலிங்குக்குள்ள (எஞ்சின மூடுற கூடு) காத்து ஓடுது, அதனால பெட்டிக்கு வர்ற சூடு ஒரு அளவோட நிக்கும். எஞ்சின நிறுத்துன உடனே காத்து நின்னு போச்சு, ஆனா சிலிண்டர்ல இருக்கிற சூடெல்லாம் எங்க போகும், மேல ஏறி கவுலிங்குக்குள்ளயே அடைஞ்சு நிக்கும், வெளிய வேற நம்ம ஊரு 33 டிகிரி வெயில். அதனால உங்க பெட்டியும் சென்சாரும் அதோட வாழ்க்கையிலயே அதிக சூட்ட பார்க்குறது பறக்கும்போது இல்ல, நீங்க மாமாக் கடையில தே தாரிக் குடிக்கும்போது. நம்பலன்னா டெம்பரேச்சர் ஸ்டிக்கர் விக்குது, சூடு ஏறுனா கட்டம் கருப்பாகும், திரும்ப மாறாது, அத பெட்டி மேல ஒன்னு சென்சார் பக்கத்துல ஒன்னு ஒட்டுங்க.

சூடு என்ன செய்யும்னு கேட்டா, பெட்டிக்குள்ள இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சூடு 10 டிகிரி கூடுனா ஆயுசு பாதியாகும், இது எங்க தொழில்ல எல்லாரும் வெச்சிருக்கிற கணக்கு. 105 டிகிரி 2000 மணி நேரம்னு போட்ட சாமான 65 டிகிரியில வெச்சா அந்த கணக்குல 32000 மணி நேரம் வருது, பாருங்க எவ்வளவு வித்தியாசம். அதனால காசே செலவில்லாம நம்பகத்த கூட்டுற வழி பெட்டிய ஃபயர்வாலுக்கு இந்தப் பக்கம், கேபின் பக்கம் கொண்டு வர்றது. வயர் கொஞ்சம் நீளமாகும், அதுக்கு ஷீல்டு வயர் போடுங்க, ஷீல்ட ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணுங்க.

ஆனா எனக்கு பெட்டி மேல சந்தேகம் கம்மி. கெப்பாசிட்டர் சாகும்போது மெதுவா சாகும். நீங்க சொல்றது ஒரு செகண்டு செத்துட்டு திரும்ப வந்துச்சுன்னு, இது இணைப்பு குறையோட கையெழுத்து. எங்க லேப்ல திரும்பி வர்ற போர்டுங்கள்ல சிலிக்கான் சில்லு செத்தத விட ஈயம் பத்த வெச்ச எடம், கனெக்டர், கிரிம்ப் (வயர் முனைய அழுத்திப் பிடிக்கிற இணைப்பு) செத்ததுதான் நான் அதிகம் பார்த்திருக்கேன். வயர ஈயம் வெச்சு பத்த வெச்சா ஈயம் இழைக்குள்ள ஊறிப் போயி கொஞ்ச தூரம் கம்பி மாதிரி வெறைச்சுக்கும், எங்க வெறைப்பு முடியுதோ அங்க அதிர்வுல மடங்கி மடங்கி ஒவ்வொரு இழையா அறுந்துக்கிட்டே வரும், மேல ரப்பர் அப்படியே இருக்கும், கண்ணுக்கு தெரியாது. குளுந்து இருக்கும்போது ரப்பர் இறுக்கிப் பிடிச்சிருக்கும், அறுந்த முனை ஒன்னோட ஒன்னு தொட்டுக்கிட்டு நிக்கும். சூடானா ரப்பர் எளகும், முனை விலகும். உங்க கதையோட இது அப்படியே ஒத்துப் போகுது.

கண்டுபிடிக்கிறது லேசு. உங்க சென்சார் ஹால் வகையா இருந்தா அது வேகம் இல்லாமலே வேலை செய்யும், காந்தம் முன்னாடி வந்தாலே வோல்டேஜ் மாறும். காயில் சுத்துன பிக்-அப்னா சுத்துற வேகம் இருந்தாத்தான் சிக்னல், அதுக்கு இந்த வழி ஆகாது. பெட்ரோல் வால்வ மூடுங்க, எட்டு பிளக்கையும் கழட்டிடுங்க, மேக்னெட்டோ எர்த் ஆகியிருக்கான்னு பாருங்க, பிளக் வயர அந்தரத்துல தொங்க விடாதீங்க, ஒவ்வொன்னுலயும் பிளக்க மாட்டி எஞ்சின் உடம்போட எர்த் பண்ணுங்க, தீப்பொறி போக வழி இல்லன்னா காயிலோட இன்சுலேஷன் உள்ளுக்குள்ள கிழிஞ்சிடும். அப்புறம் சென்சார் சிக்னல் வயர்ல ஸ்கோப் (சிக்னல திரையில காட்டுற கருவி) மாட்டி புரொப்பெல்லர கையால மெதுவா சுத்துங்க. ஹேர் டிரையர எடுத்து மொதல்ல பெட்டி, அப்புறம் கனெக்டர், அப்புறம் சென்சார், ஒவ்வொன்னா சூடு பண்ணுங்க, எல்லாத்தையும் ஒன்னா சூடு பண்ணாதீங்க. சிக்னல் காணாம போற எடத்துல ஃப்ரீசர் ஸ்பிரே ஒரு தடவ அடிங்க, திரும்ப வந்துச்சுன்னா குற்றவாளி அங்கதான். ஸ்பிரே உங்க பக்கம் புடு ஜாலான் பாசார் கடைங்கள்ல கெடைக்கும்.

பட்டர்வொர்த்_சிறகு (பினாங்கு)

நான் ரோட்டாக்ஸ் 912 போட்ட மைக்ரோலைட் வெச்சிருக்கேன் அண்ணே, எங்களுக்கு மேக்னெட்டோவே இல்ல, ரெண்டுமே எலக்ட்ரானிக் சிடிஐ (கெப்பாசிட்டர்ல கரண்ட சேத்து வெச்சு தீப்பொறி விடுற வகை). ஆனா அதுல ஒரு நல்ல ஏற்பாடு, எஞ்சின் பின்னாடி ஸ்டேட்டர்ல ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி சார்ஜிங் காயில், விளக்குக்கும் பேட்டரிக்கும் போற காயில் வேற. பேட்டரி செத்தாலும் ஆல்டர்னேட்டர் பக்கம் செத்தாலும் தீப்பொறி நிக்காது. அதுக்கு விலை என்னன்னா ஸ்டார்ட்டர் எஞ்சின குறைஞ்சது 220 ஆர்பிஎம் சுத்தணும், பேட்டரி சோர்ந்து போயி மெதுவா சுத்துனா தீப்பொறியே வராது. ரன்-அப் 4000 ஆர்பிஎம்ல பார்ப்போம், ஒவ்வொன்னும் 300க்கு மேல இறங்கக்கூடாது, ரெண்டுக்கும் வித்தியாசம் 120 கிட்ட வந்தாலே நாங்க பிரிச்சு பார்ப்போம்.

செந்தூல் அண்ணே, உங்க எஞ்சினுக்கும் தானா கரண்ட் தயாரிக்கிற வகை எலக்ட்ரானிக் மேக்னெட்டோ இருக்கு, உள்ளயே குட்டி ஆல்டர்னேட்டர், ஓடிக்கிட்டு இருக்கும்போது பேட்டரிய பிடுங்குனாலும் நிக்காது. அதுக்கு மாறிட்டா பேட்டரி கவலையே இல்லல்ல?

சுபாங்_காற்று (சுபாங்)

தம்பி பட்டர்வொர்த், நல்ல வகைதான், ஆனா அதுல சுத்துற உறுப்பு உண்டு, பேரிங் உண்டு, மேக்னெட்டோ உக்காந்த அதே சூட்டுலயும் அதிர்வுலயும்தான் அந்த எலக்ட்ரானிக்ஸும் உக்காரும். எதுலயும் இலவசம் இல்ல. செந்தூல் தம்பிக்கிட்ட ஓடுற மேக்னெட்டோ ஒன்னு இருக்கு, வேற தத்துவத்துல ஓடுற எலக்ட்ரானிக் ஒன்னு இருக்கு, ஒன்ன கொல்றது இன்னொன்ன கொல்லாது, அத கெடுக்க வேணாம்ங்கிறது என் முடிவு.

இன்னொன்னு, லைகோமிங்ல ஒரு மேக்னெட்டோவுக்கு 175 ஆர்பிஎம் வரைக்கும் இறங்கலாம், ரெண்டுக்கும் வித்தியாசம் 50 தாண்டக்கூடாதுன்னு கணக்கு. ஒரு பக்கம் எலக்ட்ரானிக் போட்டா அந்த 50 கணக்கு உதவாது, எலக்ட்ரானிக் ரொம்ப கம்மியா இறங்கும். அதனால உங்களுக்குன்னு ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு ரன்-அப்புக்கும் ரெண்டு நம்பரையும் எழுதுங்க, குளுந்து இருக்கும்போது ஒன்னு, சூடா இருக்கும்போது ஒன்னு. போன மாசம் செத்துச்சுன்னு சொன்னீங்களே, நோட்டு இருந்திருந்தா அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே நம்பர் ஆடியிருக்கும்.

செந்தூல்_வானம் (கோலாலம்பூர்)

ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்குங்க. எல்லாத்தையும் செஞ்சு பார்த்துட்டோம்.

வோல்ட் மொதல்ல. எர்த் பக்கம் 0.05, நல்லாதான் இருக்கு. பிளஸ் பக்கம் பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவுல 0.9 வோல்ட், அதுல 0.7 சாவி சுவிட்ச்சுலயே போகுது. சுபாங் அண்ணே, நீங்க விமானத்த பார்க்காமலே சொன்னீங்க. ஸ்டார்ட்டர் சுத்தும்போது பேட்டரியே 9.8க்கு இறங்குது, அதுல இந்த 0.9ம் போனா பெட்டிக்கு 9க்கு கீழதான் போய் சேருது, ரெண்டு தடவ ஸ்டார்ட்டிங்ல பின்னாடி உதைச்சது இதனாலதானோன்னு இப்ப தோணுது.

ஸ்டிக்கர் ஒட்டி ரெண்டு தடவ பார்த்தோம், பறக்கல, தரையிலயே ஓட்டி நிறுத்தி வெச்சதுதான். எஞ்சின் ஓடும்போது பெட்டிக்கிட்ட 60 தாண்டல. நிறுத்தி கவுலிங்க மூடி வெச்சு இருபது நிமிஷத்துல 88 கட்டம் கருப்பாயிடுச்சு.

அப்புறம் ஹேர் டிரையர். சென்சார் ஹால் வகைதான். பெட்டிய அஞ்சு நிமிஷம் சூடு பண்ணுனோம், ஒன்னும் ஆகல, சிக்னல் கத்தி மாதிரி நிக்குது. சென்சார்லயும் ஒன்னும் இல்ல. கனெக்டருக்கு பின்னாடி ரெண்டு இஞ்ச் தள்ளி வயர்ல காட்டுனா மூணாவது நிமிஷம் சிக்னல் போச்சு. ஸ்பிரே அடிச்சா வந்துச்சு. திரும்ப சூடு, திரும்ப போச்சு. ரப்பர வெட்டிப் பார்த்தா பாயான் லெப்பாஸ் அண்ணே எழுதுன மாதிரியே, ஈயம் ஊறி முடியிற எடத்துல பத்தொன்பது இழையில மூணுதான் மிச்சம், அந்த மூணும் பச்சை பிடிச்சு கெடக்கு. அத சோல்டர் பண்ணுனது நான்தான், ரெண்டு வருசம் முன்னாடி, கிரிம்ப விட ஈயம் ஒசத்தின்னு நம்பி நானே உக்காந்து பண்ணுனேன். அந்த வயர் மேல என் மகன் ஏறி உக்காந்து பறந்திருக்கான்ங்கிறது ரெண்டு நாளா மனச விட்டு போகல.

இப்ப பண்ணிக்கிட்டு இருக்கிறது இது. சென்சார் வயர் மொத்தமும் புதுசு, டெஃப்செல் (சூடு தாங்குற உறை போட்ட) ஷீல்டு வயர், ராட்செட் கிரிம்பர் வாங்கியாச்சு, கனெக்டருக்கு ரெண்டு இஞ்ச் பின்னாடியே கிளாம்ப் போட்டு வயர் ஆடாம பிடிச்சாச்சு. பெட்டி கேபின் பக்கம் வந்துடுச்சு. சாவி சுவிட்ச் இனி மேக்னெட்டோவுக்கு மட்டும், எலக்ட்ரானிக்குக்கு தனி டாகிள் சுவிட்ச், பேட்டரியில இருந்தே நேரா தனி ஃபீடு, மெயின் பஸ்ஸ அணைச்சாலும் இது நிக்காது. எர்த் தனி வயர்ல பேட்டரி மைனஸுக்கே போகுது.

பேக்கப் பேட்டரி ஒன்னு போடணும்னு இருக்கோம், ஆட்டோகேட்ல (தானா தெறக்குற வீட்டு கேட்) போடுற 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் பேட்டரி போதுமா? பெட்டி கிட்டத்தட்ட 1.5 ஆம்ப் இழுக்குது.

பாயான்_லெப்பாஸ்_டெக் (பினாங்கு)

தம்பி, மனச போட்டு வருத்திக்காத, அந்த எடத்துல ஈயம் வெக்காத ஆளு எங்க லைன்லயே கம்மி, நாங்களும் கத்துக்கிட்டுதான் நிறுத்துனோம். நீ பறக்காம காடியில வீட்டுக்கு வந்த பாரு, அது பெரிய வேலை.

பேட்டரி போதும், ஆனா 7ங்கிற நம்பர நம்பாத. அது 20 மணி நேரம் மெதுவா இழுத்தா கெடைக்கிற கணக்கு, 1.5 ஆம்ப்ல இழுத்தா கம்மியாத்தான் கெடைக்கும். மோட்டார் சைக்கிள் சிக்னல் பல்பு 21 வாட் ஒன்னு வாங்கு, அது 1.75 ஆம்ப் இழுக்கும், பேட்டரியில மாட்டி விட்டுட்டு 11 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம்னு கடிகாரத்த பார்த்து எழுது. வருசத்துக்கு ஒரு தடவ இதே சோதனை, பாதிக்கு கீழ வந்தா தூக்கிப் போடு, லெட் ஆசிட் நம்ம ஊரு சூட்டுல சீக்கிரம் தேயும். அத எஞ்சின் பக்கம் வெக்காத.

மெயினுக்கும் பேக்கப்புக்கும் நடுவுல ஷாட்கி டையோடு (கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடுற உறுப்பு) போடு, மெயின் பக்கம் ஷார்ட் ஆனா பேக்கப்ப உறிஞ்சக்கூடாது. ஆனா டையோடு செத்தா உனக்கு வெளியில ஒன்னுமே தெரியாது, எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கும், பேக்கப் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு பறப்ப. இதுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன், மறைஞ்சு நிக்கிற குறை. அதனால ரன்-அப்ல மெயின் ஃபீட அணைச்சு பேக்கப்ல மட்டும் அஞ்சு செகண்டு ஓட விடு, அப்புறம் பேக்கப்ப அணைச்சு மெயின்ல மட்டும். ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் செத்து வோல்ட் ஏறுனா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அடி வாங்கும், 16 வோல்ட் தாண்டுனா ஆல்டர்னேட்டர வெட்டி விடுற ஓவர் வோல்டேஜ் மாட்யூல் இல்லன்னா அதையும் இப்பவே போட்டுடு.

ரெண்டாவது கூட்டாளிக்கும் சொல்லு, புது எலக்ட்ரானிக்ஸ் அதிகமா சாகுறது மொத கொஞ்ச மணி நேரத்துலதான், அது தாண்டுனா நெடுங்காலம் ஓடும். ஒரே மாதிரி ரெண்டு புது பெட்டிய ஒரே நாள்ல மாட்டுறது ரெண்டு குழந்தைய ஒன்னா கெணத்து ஓரம் விடுற மாதிரி.

செந்தூல்_வானம் (கோலாலம்பூர்)

பல்பு சோதனை முடிச்சாச்சு அண்ணே, புது பேட்டரி 2 மணி 50 நிமிஷம் நின்னுச்சு. எங்க ஆகக்கூடுன பறப்பே ரெண்டு மணி நேரம்தான், பாதியானாலும் பக்கத்துல ஏதாவது ஒரு ஓடுதளத்துல இறங்க நேரம் இருக்கு. ஓவர் வோல்டேஜ் மாட்யூல் இல்ல, ஆர்டர் பண்ணியாச்சு, அது வர்ற வரைக்கும் விமானம் ஹேங்கர்லதான். சுபாங் அண்ணே, எல்லாம் முடிஞ்சதும் ஒரு தடவ வந்து கண்ணால பார்த்து கையெழுத்து போட முடியுமா? ஞாயித்துக்கிழமைன்னா நானே வந்து கூட்டிக்கிட்டு போறேன்.

சுபாங்_காற்று (சுபாங்)

வர்றேன் தம்பி. கவுலிங்க மாட்டாம வைங்க, கிரிம்ப் ஒவ்வொன்னையும் இழுத்துப் பார்க்கணும். நிறுத்துன உடனே ஆயில் மூடியத் தெறந்து வெச்சு சூட்ட வெளிய விடுற பழக்கத்த மூணு பேரும் இன்னிக்கே ஆரம்பிங்க, நான் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். நோட்டையும் கொண்டு வாங்க.